பிறகு மாமாவின் தரை

நீங்கள் யாருக்காவது ஒரு பகிடி சொல்லிவிட்டு, அந்த ஆள் சிரிப்பதற்காக மறுநாள் வரைக்கும் காத்திருந்திருக்கிறீர்களா? நான் காத்திருந்திருக்கிறேன்.

அது ஒன்றும் பெரிய பகிடி இல்லை. ஒருத்தர் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு திருத்துகிற கடைக்குப் போனாராம். என்ன பழுது என்று கடைக்காரன் கேட்டானாம். "தம்பி, இதிலை கெட்ட செய்தி மட்டும்தான் வருது, ஒருக்கால் பாத்துத் திருத்தித் தா" என்றாராம். யாழ்ப்பாணத்து ஆட்கள் யாரிடம் சொன்னாலும் கொஞ்சம் சிரிப்பார்கள், இல்லையென்றால் பெருமூச்சாவது விடுவார்கள். இந்த மனிதர் இரண்டும் செய்யவில்லை. வாளியில் கிடந்த துணியைப் பிழிந்தபடி என்னைப் பார்த்து, "பிறகு?" என்றார்.

"பிறகு ஒண்டுமில்லை மாமா. அவ்வளவுதான் பகிடி."

தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், கீழே முற்றத்தில் ஒரு சத்தம். யாரோ படியில் உருண்டுவிட்டார்கள் என்று அம்மா ஜன்னலுக்கு ஓடினா. கீழே மாமா கூட்டுகிற தும்புத்தடியைப் பிடித்தபடி தனியாக நின்று, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, என்ன நடந்தது?"

"ரேடியோ, தங்கச்சி," என்றார். "ரேடியோவைத் திருத்தித் தரட்டாம்."

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் சீசா என்கிற பகுதியில், எங்கள் முற்றத்தைச் சுற்றி இருந்த யாரும் அதைப் பாவித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. எல்லாருக்கும் அவர் பிறகு மாமா. எதைக் கேட்டாலும் அதுதான் பதில். சாப்பிட்டியளோ மாமா? பிறகு. அவர் வீட்டுவேலை செய்த சின்யோராவும் கண்டுபிடித்துவிட்டா. மாமா அவவுக்கு எப்போதும் சொல்கிற இத்தாலிச் சொல் 'தோப்போ', அதாவது பிறகு. அதனால் அவ அவரை 'சின்யோர் தோப்போ' என்றே கூப்பிட்டா. பிறகு ஐயா. இரண்டு பாஷையில் ஒரே பெயர் வாங்கிய ஆள் அவர் ஒருவர்தான்.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் காலையிலிருந்து நிற்கமாட்டார். ஆனால் கைக்கு வந்த எதையும் வந்த அன்றைக்கே அனுபவிக்க அவரால் முடியாது. அதுதான் விஷயம். பாண் வாங்கினால் அது நாளைக்கு. ஆகவே பலெர்மோவில் இருந்த காலம் முழுக்க மனிதர் முதல்நாள் பாண்தான் தின்றார், அதுவும் பேக்கரிக்கு நேர் எதிரே குடியிருந்துகொண்டு. புதுச் சேட்டு அடுத்த வருஷத்துக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சனம் எல்லாம், சைவமோ கிறிஸ்தவ வேதமோ, சாந்தா ரொசாலியா புனிதையின் மலைக்கோயிலுக்கு ஏறிப்போய் ஆளுக்கொரு நேர்த்தி வைப்பார்கள். இவரும் வருவார், மெழுகுதிரி கொளுத்துவார், ஒன்றும் கேட்காமல் இறங்கிவிடுவார்.

"ஏன் மாமா, ஒண்டும் கேக்கேல்லையோ?"

"இப்பவே கேட்டு முடிச்சால் பிறகு கேக்கிறதுக்கு என்ன இருக்கு பிள்ளை?"

கோபம்கூட அப்படித்தான். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிடக் கடதாசியைப் புதுப்பிக்கப் போன இடத்தில், மார்கழி மாதம், வரிசையில் ஒருவன் இவரை இடித்துக்கொண்டு முன்னால் போனான். பக்கத்தில் நின்ற என் அப்பாவுக்கே இரத்தம் கொதித்தது. மாமா பேசாமல் ஓரடி பின்னால் நகர்ந்து இடம் விட்டாராம். பிறகு ஈஸ்டர் அன்று எங்கள் வீட்டில் சாப்பாடு. ஆட்டிறைச்சிக் கறிக்கு நடுவில் திடீரென்று கையை உதறிவிட்டு, முகம் சிவக்க, "அவன் ஆர் என்னை முந்திறதுக்கு?" என்றார். மேசையில் இருந்த எல்லாரும் தாங்கள் எதில் முந்தினோம் என்று யோசித்தார்கள். அப்பாவுக்குத்தான் கடைசியில் பிடிபட்டது.

"அண்ணை, அது மார்கழி மாசமெல்லோ."

"இருக்கட்டும். அவன் செய்தது பிழைதானே."

அம்மா மட்டும் விடமாட்டா. "இவர் தாலி கட்டினதும் ஐயர் வீட்டை போனாப்பிறகுதானாம்," என்று அவர் காதுபடவே சொல்லுவா. அதற்கான பதில் எந்த மாதம் வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். அது மட்டும் வரவேயில்லை. ஏனென்றால் தாலி கட்டின மனுசி கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் இருந்தா, மகளோடு. மகளுக்குத் தொய்வு. இரவெல்லாம் நெஞ்சு இழுக்கும். இரண்டு பேரையும் இத்தாலிக்குக் கூப்பிடுவதுதான் மாமாவின் ஒரே வேலை. மற்ற வேலை எல்லாம் அதற்காகச் செய்கிற வேலை.

அதற்குத் தடையாக இருந்தது ஓர் அறை. அதாவது அவருடைய அறை.

பலெர்மோவுக்குக் குளிருகிற மாரிகாலம் உண்டு என்பதைப் பலெர்மோக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஐந்து மாதம் நெருப்பாய் எரிகிற ஊரில் யார் வீட்டுக்குச் சூடேற்றுகிற ஏற்பாடு செய்வான்? ஆகவே ஜனவரியில் வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள் குளிர் கூட. தரையெல்லாம் மாபிள், இல்லையென்றால் ஓடு. கட்டிலால் காலை இறக்கினால் ஐஸ் பெட்டிக்குள் வைத்த மாதிரி. மின்சார ஹீற்றரைப் போட்டால், யாராவது இஸ்திரிப் பெட்டியைச் செருகியதும் மீற்றர் விழுந்து வீடு இருட்டாகும். காஸ் அடுப்பைக் கொளுத்தினால் சுவர் அழத் தொடங்கும், ஏனென்றால் காஸ் எரிந்தால் ஆவியும் சேர்ந்து வரும். மாமாவின் அறை எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஒரு காலத்தில் குதிரை கட்டிய இடம். ஒரு கதவு, ஒரு ஜன்னல், சுவர் முழுக்கக் கறுப்பாய்ப் பூஞ்சணம். குடும்பத்தைக் கூப்பிட வேண்டுமென்றால் இருக்கிற இடம் மனிதர் வாழத் தக்கது என்று நகரசபை ஆள் வந்து பார்த்து எழுதித் தரவேண்டும். வந்தார். சுவரில் விரலை இழுத்தார். நனைந்த விரலைத் தூக்கி மாமாவுக்குக் காட்டினார்.

"தொய்வுக்காரப் பிள்ளையை இஞ்சையோ கூப்பிடப் போறீர்? இப்ப குதிரையையும் இதிலை கட்ட ஏலாது."

அவர் சொன்னது இத்தாலியில். நான் எங்கள் தமிழில் தருகிறேன், இனியும் அப்படித்தான். அந்த ஆளில் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னது சரி. எனக்கே அந்த அறைக்குள் போனால் தும்மல் வரும்.

மாமா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மூன்று வாரம் கழித்து, சின்யோரா வீட்டில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தவர், துணியைக் கீழே வைத்துவிட்டு அழுதாராம். இதைச் சொன்னது சின்யோராதான், எங்கள் அம்மாவிடம், படியில் நின்று சிகரெட் பிடித்தபடி. அன்றைக்குத்தான் கதை தொடங்கியது.

சின்யோரா யாரென்று சொல்லவேண்டும். எங்கள் கட்டடத்தின் சொந்தக்காரி, மேல்மாடியில் தனியாக இருந்தா, பல்கலைக்கழகத்தில் எஞ்சினியர்மாருக்குப் படிப்பிக்கிறவ. வாயில் சிகரெட், கையில் சோக்கட்டி, இரண்டில் ஒன்று எப்போதும் இருக்கும். சில நேரம் மாறிப்போய்ச் சோக்கட்டி வாய்க்குப் போகும். சுவீடனில் கோடைகால வெக்கையை நிலத்துக்குள் இறக்கி வைத்து, மாரியில் எடுத்து வீட்டைச் சூடாக்குகிறார்கள் என்று அவவுக்குத் தெரியும். அதைப் பலெர்மோவில் செய்து பார்க்கவேண்டும் என்று பல வருஷமாக ஆசை. கூடப் படிப்பிக்கிறவர்கள் சிரித்தார்களாம். சிரிக்கத்தானே செய்வார்கள். எங்கள் பக்கத்தில்தான் அந்தக் காலத்து ராஜா ஒருவன் வெக்கைக்குத் தப்புவதற்கென்றே ஒரு மாளிகை கட்டி வைத்திருக்கிறான். இந்த ஊரில் நிலத்தைத் தோண்டியவன் எல்லாம் குளிர்ச்சிக்குத்தான் தோண்டினான். சூட்டைக் கொண்டுபோய் உள்ளே வைக்கிற விசர் யாருக்கும் வந்ததில்லை.

"என்ரை அறைக்குக் கீழை வைக்கலாமோ?" என்று, அவ அன்றைக்கு இதைச் சொல்லிக் கொஞ்ச நாள் கழித்து மாமா கேட்டார்.

திட்டம் இதுதான். நான் படிப்பது சட்டம். பிழை இருந்தால் மன்னிக்கவும். மொட்டைமாடியில் கறுப்புக் குழாய்களைப் பாம்பு மாதிரிச் சுருட்டிப் படுக்க வைப்பது. வெயிலில் உள்ளே இருக்கிற தண்ணீர் கொதிக்கும். ஒரு சின்னப் பம்ப் அந்தத் தண்ணீரைக் கீழே தள்ளும். மாமாவின் அறைத் தரைக்குக் கீழே, இந்த ஊர் முழுக்க இருக்கிற மஞ்சள் கல்லில், இரண்டு ஆள் உயரத்துக்கும் கூட ஆழமாகத் துளைகள். குழாய் அவற்றுக்குள் இறங்கி ஏறும். சுடுதண்ணீர் சூட்டைக் கல்லுக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து மேலே வரும், திரும்ப வெயில் குடிக்கும். கல்லுக்கு மேலே தக்கைப் பலகை விரித்து மூடிவிட்டால் சூடு சுலபத்தில் எழும்பாது. மாரி வந்ததும் சிவப்புக் கைபிடி போட்ட ஒரு வால்வைத் திறந்தால் அதே தண்ணீர் தரை ஓட்டுக்குக் கீழே ஓடும். ஜூலை வெயில் ஜனவரியில் காலுக்கு வரும்.

"ஆனால் ஒண்டு," என்றா சின்யோரா. "முதல் கோடையிலை நிலம் குடிக்கும். பெரிசாத் தராது. இரண்டு மூண்டு கோடை போகவேணும். பொறுப்பீரோ?"

பொறுப்பீரோ என்று யாரிடம் கேட்கிறா பாருங்கள். எங்கள் அப்பாவிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே எழும்பிப் போயிருப்பார். மாமாவின் முகத்தில் நான் அதற்கு முன்னம் காணாத ஒரு வெளிச்சம். சின்யோரா அரைமணித்தியாலம் விளங்கப்படுத்தத் தயாராகச் சோக்கட்டியோடு வந்தவ. அவருக்கு விளங்கப்படுத்த ஒன்றும் இருக்கவில்லை. மனிதர் அப்படித்தானே சீவித்துக்கொண்டிருந்தார்.

துளை போடுகிற இயந்திரம் வந்த கிழமை எங்கள் முற்றம் மஞ்சள் மாவில் முக்கி எடுத்த மாதிரி. அம்மாவின் துணியெல்லாம் மஞ்சள். அது பரவாயில்லை. சண்டை தொடங்கியது மொட்டைமாடியில்.

மொட்டைமாடியில் கொடி கட்டித் துணி போடுவது எங்கள் கட்டடத்துப் பெண்களின் பிறப்புரிமை. ஆவணி பிறந்தால் சிசிலிக்காரிகள் தக்காளியை அரைத்துப் பலகையில் பரப்பிக் காயவைப்பார்கள். எங்கள் அம்மா அதற்குப் பக்கத்தில் மோர்மிளகாய். இப்போது மாமா அங்கே தொப்பி போட்டுக்கொண்டு நின்றார். ஒரு துவாய் அசைந்து அதன் நிழல் குழாயில் விழுந்தால் ஓடிவந்து துவாயை இழுத்து விடுவார். பூனை படுத்தால் பூனையைத் தூக்கி நகர்த்துவார். காலையில் அம்மாவின் மிளகாய்ச் சுளகு கிழக்கே இருந்தால் மத்தியானம் படிக்கட்டில் இருக்கும்.

"வெய்யிலும் உங்கடை காணியோ அண்ணை?" என்று அம்மா இடுப்பில் கை வைத்தா. "உறுதிப் பத்திரம் கிடக்கோ, காட்டுங்கோ பாப்பம்."

"கொஞ்சம் தள்ளி வையுங்கோ தங்கச்சி. நிழல் விழுது."

"நிழல் விழாமல் மிளகாய்க்கு என்ன, தலையிலையோ வைச்சுக்கொண்டு நிக்கிறது?"

தக்காளிக்காரி கன்னா பின்னா என்று சிசிலியில் ஏசினா. அவை எல்லாம் எழுதக்கூடிய சொற்கள் இல்லை. மாமா யாருக்கும் பதில் சொல்லவில்லை. பதில்கள் தைப்பொங்கலுக்கு வரும் என்று எங்களுக்குத் தெரியும். அவர் ஒரு கையைக் கீழே போகிற குழாயில் வைப்பார், மற்றக் கையை மேலே வருகிற குழாயில் வைப்பார். ஒன்று சுடும், மற்றது சுடாது.

"பாத்தியோ பிள்ளை, உள்ளுக்கை விட்டிட்டு வெறுங்கையோடை வருது," என்பார். வங்கியில் பணம் போட்ட ஆளுக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் இருக்காது.

இனி மாரி. இங்கேதான் மனிதர் தன் குணத்தை முழுசாகக் காட்டினார். வால்வைத் திறக்கவில்லை.

நவம்பர் போனது, திறக்கவில்லை. டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கும் திறக்கவில்லை. நான் கீழே போய்ப் பார்த்தால் மனிதர் இரண்டு சோடி காலுறை, கம்பளித் தொப்பி, தோளில் போர்வையோடு கட்டிலில் குந்திக்கொண்டிருக்கிறார். காலுக்குக் கீழே ஒரு முழுக் கோடைகாலம் புதைந்து கிடக்கிறது. சுவர் வழக்கம்போல அழுகிறது.

"மாமா, திறவுங்கோ. இதுக்குத்தானே இவ்வளவு பாடு."

"இப்ப திறந்தால் பிறகு?"

"பிறகு என்ன? திரும்பக் கோடை வரும்தானே."

"பிள்ளை வாற நேரம் இருக்கவேணும்."

சின்யோரா இறங்கி வந்து கத்தினா. "இது தக்காளி ஜாம் இல்லை, போத்தலிலை கிடக்கிறதுக்கு. நீர் எடுக்காட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பக்கத்து நிலத்துக்குள்ளை போகும். கேக்குதோ, சின்யோர் தோப்போ?"

"தோப்போ, சின்யோரா," என்றார் மாமா.

நகரசபை ஆள் மறுபடி வருகிற நாள் குறித்துச் சொல்லி அனுப்பினார். பெப்ரவரி. ஈரத்தைப் பார்ப்பதென்றால் மாரியில்தான் பார்க்கவேண்டும் என்று அவர் சட்டம். அன்று காலை மாமா முகம் மழித்து, போன வருஷம் வாங்கிய சேட்டைப் போட்டு, சிவப்புக் கைபிடியைத் திருகினார். பம்ப் முனகியது. நாங்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தரை தரையாகவே இருந்தது.

கல்லிலிருந்து தண்ணீருக்கும், தண்ணீரிலிருந்து ஓட்டுக்கும், ஓட்டிலிருந்து அறைக்கும் சூடு வரவேண்டும். அது பஸ் பிடித்து வருவதில்லை. நகரசபை ஆள் வந்தார், சுவரைத் தொட்டார், விரலைத் துடைத்தார், அடுத்த மாரிக்கு வாறன் என்று போனார். மாமா வாசல்வரை போய் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

மூன்றாம் நாள் நான் ஒரு பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வைத்த காலை உடனே எடுத்துவிட்டேன். தரை இளஞ்சூடு. பால் ஆறின மாதிரி. மாமா நடுவில் சப்பாணி கொட்டி உட்கார்ந்திருந்தார், இரண்டு உள்ளங்கையும் நிலத்தில்.

"வந்திட்டுது," என்றார்.

"ஆர் மாமா?"

"வெக்கை."

சிரிப்பதா என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வசந்தகாலத்தில் ஒரு சாயந்தரம் அவர் கொழும்புக்கு ரெலிபோன் எடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். பொலிதேயாமாச் சதுக்கத்துப் பக்கம், கார்ட் போடுகிற கூண்டு. மகள் கத்திக் கதைக்கிற பிள்ளை. மாமா றிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிப்பார். ஆகவே வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

"அப்பா, நான் எப்ப வாறது?"

"பிறகு அம்மா."

"பிறகு எண்டால் எத்தினையாம் திகதி?"

மாமா றிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"அப்பா, போன முறையும் பிறகு எண்டுதான் சொன்னனீங்கள். பிறகு எண்டு கலண்டரிலை ஒரு நாளும் இல்லை. நான் தேடிப் பாத்திட்டன்."

கார்ட் முடிந்து லைன் அறுந்தது. மாமா வெறும் றிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்ற மன்னார் அக்கா ஒருவர், "முடிஞ்சுதோ அண்ணை, நான் எடுக்கட்டோ?" என்று கேட்டபிறகுதான் கொளுவினார்.

நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதை அப்படியே நடித்துக் காட்டினேன், மகளின் குரலில். அம்மா சிரிக்கவில்லை. மறுநாள் காலை மொட்டைமாடிக்குப் போய்த் தன் கொடியை அவிழ்த்துக்கொண்டு வந்து முற்றத்தில், கொஞ்சமும் வெயில் வராத மூலையில் கட்டினா. மிளகாய்ச் சுளகு சின்யோராவின் பல்கனிக்குப் போனது. தக்காளிக்காரியோடு அம்மா என்ன பாஷையில் என்ன கதைத்தா என்று தெரியாது. அம்மாவுக்கு இத்தாலி நாற்பது சொல்லுக்கு மேல் வராது. ஆனால் அந்த ஆவணியில் தக்காளிப் பலகைகள் அடுத்த கட்டடத்து மாடிக்குப் போயின. மொட்டைமாடி முழுக்க மாமாவுக்கும் குழாய்க்கும் பூனைக்கும்.

அப்படி ஒரு கோடை. ஜூலையில் ஆபிரிக்காப் பக்கமிருந்து சிரோக்கோ காற்று அடித்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது மாமா மட்டும் மேலே நின்று, "நல்லா அடிக்கட்டும்" என்றார். பலெர்மோவில் சிரோக்கோவை வாழ்த்திய முதல் ஆள் அவராகத்தான் இருக்கவேண்டும்.

நவம்பர் பிறந்து இரண்டாம் நாள். இந்த ஊரில் அது செத்தவர்களை நினைக்கிற நாள், கடையெல்லாம் பிள்ளைகளுக்குச் சீனிப் பொம்மை. வெளியே இன்னும் வெயில்; சனம் மொந்தெல்லோக் கடற்கரையில் குளிக்கிறது. நான் முற்றத்தால் வருகிறேன், மாமா அறைக்கதவு திறந்திருக்கிறது, உள்ளே சின்யோரா சிகரெட்டை ஆட்டி ஆட்டிக் கத்துகிறா.

"இப்பவோ? இன்னும் குளிரே வரேல்லை. இவ்வளவு நாளும் திறவும் திறவும் எண்டு தொண்டை கிழியக் கத்தினன், கேக்கேல்லை. இப்ப ஆருக்குத் திறக்கிறீர்?"

மாமாவின் கை சிவப்புப் பிடியில் இருந்தது. "அதேஸ்ஸோ," என்றார். அதாவது இப்ப. அந்தச் சொல் அவருக்குத் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். திருகினார்.

மகள் கேள்வி கேட்டது வசந்தகாலம். பதில் வந்தது நவம்பர். அவர் கணக்கில் அது விரைவு.

அந்த மாரி முழுக்க அவர் வேர்வையோடு படுத்தார். மார்கழிக்குள் சுவர் அழுவதை நிறுத்தியது. பூஞ்சணம் காய்ந்து பொருக்குப் பொருக்காய் உதிர்ந்ததை அவர் தும்புத்தடியால் கூட்டி அள்ளினார், வெள்ளை அடித்தார். ஜனவரியில் நகரசபை ஆள் வந்தார். கதவடியில் நின்று சுவரில் விரலை இழுத்தார், விரலைப் பார்த்தார், மற்ற விரலால் இழுத்துப் பார்த்தார். மேல்கோட்டைக் கழற்றினார். கதவுக்குப் பின்னால் தேடினார், கட்டிலுக்குக் கீழே குனிந்தார். கடைசியில் முழங்காலிட்டுத் தரை ஓட்டில் கை வைத்தார்.

"நெருப்பு எங்கை?" என்றார்.

"ஜூலையிலை," என்றார் மாமா.

உடனே. ஒரு நொடிகூடப் பிந்தாமல். சின்யோராவுக்குப் புகை புரையேறி, முதுகில் தட்டவேண்டி வந்தது. நகரசபை ஆள் முழங்காலில் இருந்தபடியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மனுசியும் மகளும் ஜூன் மாதம் வந்து இறங்கினார்கள். இத்தாலி குளிர் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போல. பிள்ளை தடித்த சுவெற்றர், தலையில் மப்ளர், முகம் பழுத்த தக்காளி. முற்றத்தில் நின்று எங்கள் எல்லாரையும் பார்த்துவிட்டு, "குளிர் எங்கை?" என்று கேட்டது. மாமா வாயைத் திறந்தார்.

"பிறகு எண்டு சொன்னால் நான் திரும்பிப் போவன்," என்றது பிள்ளை.

அதன் பிறகு அந்த அறைக்கு வந்த பேர்புகழ் தனிக்கதை. பலெர்மோ மாரியில் தோசைமா புளிக்காது. எங்கள் சனத்துக்கு அது பெரிய இழப்பு. கரைத்து வைத்த மா இரண்டு நாளானாலும் சவம் மாதிரிக் கிடக்கும். அம்மா ஒருநாள் சட்டியைக் கொண்டுபோய் மாமாவின் தரையில் வைத்துவிட்டு வந்தா. விடிய மூடியைத் தள்ளிக்கொண்டு மா வெளியே. செய்தி ஊரின் மறுபக்கத்துக் கால்சா வரைக்கும் போய்விட்டது. சனிக்கிழமைகளில் அறை நிறையச் சட்டி, ஒவ்வொன்றிலும் ஆளுக்கொரு நிற நூல் கட்டி. பிள்ளை நடுவில் வெறுங்காலோடு இருந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே காவல் பார்க்கும். நெஞ்சு இழுப்பது முழுக்க நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இரவில் கீழேயிருந்து கேட்ட இருமல் குறைந்து, ஒரு மாரி கேட்கவேயில்லை.

போன வருஷம் மனுசியின் தமையன் ரொறன்ரோவுக்குக் கூப்பிட்டார். பிள்ளைக்கு இங்கிலிஷ் படிப்பு, நல்ல வேலை, வழக்கமான காரணங்கள். செப்ரெம்பரில் பயணம். அந்த ஜூலை, ஓகஸ்ட் முழுக்க மாமா மொட்டைமாடியில் தொப்பியோடு நின்றார். பூனையைத் தூக்கி நகர்த்தினார். குழாயில் கை வைத்தார்.

"மாமா, நீங்கள் போறியளெல்லோ. இது ஆருக்கு?"

என்னைப் பார்த்தார். வெறுங்கையோடு வருகிற குழாயைத் தடவினார். பதில் சொல்லவில்லை. நானும் விட்டுவிட்டேன். எயாப்போட்டில் அம்மா அழுதா, அவர் அழவில்லை. அது எங்கேயோ அத்திலாந்திக்குக்கு மேலே வந்திருக்கும், அல்லது அடுத்த சித்திரையில்.

போன மாதம் ரெலிபோன் அடித்தது. நான்தான் எடுத்தேன். ஹலோ இல்லை, சுகமோ இல்லை.

"ஆராவது வருவினம் எண்டுதான், பிள்ளை."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. நான் கேட்டது ஓகஸ்டில்.

"நான்தான் வந்திருக்கிறன் மாமா," என்றேன். "படிக்கிறதுக்கு எண்டு சின்யோரா உங்கடை அறையைத் தந்திட்டா. ஐப்பசி முடியவே வால்வைத் திறந்திட்டன்."

"நல்லது. இஞ்சை வீட்டிலை சுவரிலை ஒரு சக்கரத்தைத் திருகினால் அந்த நிமிசமே சூடு வருது. எனக்கு நம்பிக்கை இல்லை, அவசரப்பட்ட சாமான்." பின்னால் மகளின் குரல் கேட்டது, கத்திக்கொண்டு, சுவாசம் தடைப்படாமல். "பிறகு?" என்றார்.

"பிறகு ஒண்டுமில்லை மாமா."

வெளியே மழை. அம்மாவின் மாச்சட்டி மேசைக்குக் கீழே இருக்கிறது. நான் வெறுங்காலோடு இருக்கிறேன்.